ஒரே கொட்டையில பொறந்ததுங்க

எங்க சிக்கமாரனூர்ல ஒரு ஊட்டு மாமரத்துக்குத் தண்ணி ஊத்தினா எல்லா ஊட்டு மாமரமும் குடிக்கும். எங்களுக்கு இது பழகிப்போச்சு. வெளியூர்லேர்ந்து பொண்ணு பாக்க வர்றவங்கதான், சொம்புல மீந்த தண்ணிய நம்ம வாசல் மரத்துல ஊத்தினதும் எதுத்த ஊட்டு மரம் சலசலன்னு இலையை ஒதறிக்கிறதைப் பாத்துட்டு, எந்திரிச்சுப் போய் ரெண்டு மரத்தையும் சுத்திப் பாப்பாங்க. அப்ப இன்னொரு டீ போடச் சொல்லிட்டு சென்னம்மா கதையைச் சொல்லுவோம். நான் பஞ்சாயத்துத் தண்ணித்தொட்டியில வால்வு தொறந்து மூடுற ஆளு. ஊரு எப்பக் குடிக்குது, எவ்வளவு குடிக்குதுன்னு எனக்குத் தெரியிற மாதிரி வேற ஆருக்கும் தெரியாது, அதனால சொல்ற வேலை எப்பவும் எங்கிட்டயே வந்து சேரும்.

ஊருக்கு மேக்கால மொட்டப்பாறைன்னு ஒண்ணு இருக்குது. பேருக்கேத்த மொட்டை. அந்தப் பாறை வெடிப்புல, ஆரும் வைக்காம, ஆரும் தண்ணி காட்டாம, ஒரு நாட்டு மாமரம் நிக்குது, அதுக்குப் பேரு புளிச்சான். அதோட பழத்தைக் குரங்கு ஒரு கடி கடிச்சுட்டு, நாமதான் அதை ஏமாத்திட்டோம்ங்கற மாதிரி நம்மளைப் பாக்கும். திங்கறதுக்கு ஆகாத அந்த மரத்துக்கு எங்க தொழில்ல பெரிய மரியாதை. எங்க பக்கம் ஒட்டுக்கன்னு கட்டுறதுதான் பொழப்பு. ஒட்டுக்கன்னுன்னா மேல எந்தச் சாதி மாங்கா வேணும்னாலும் வச்சுக்கலாம், பெங்களூரா வைக்கலாம், செந்தூரா வைக்கலாம், மல்கோவா வைக்கலாம், ஆனா அடியில வேர் புடிச்சு நிக்கறதுக்குக் கல்லுக்கும் வெயிலுக்கும் அஞ்சாத ஒரு நாட்டு மாங்கன்னு வேணும், அது பழம் எப்பிடி இருந்தா நமக்கென்ன, கால் கெட்டியா இருந்தாப் போதும். மேல இருக்கறதுக்குத்தான் பேரு, அடியில இருக்கறதுக்குத்தான் வேலை. இதை நாங்க மாமரத்தைப் பத்தி மட்டுந்தான் சொல்றோம்.

எல்லப்பன் நர்சரிதான் ஊர்லயே பெருசு. ஆடி பொறந்தா ஜூஸ் ஃபேக்டரி வாசல்ல மலை மாதிரி கெடக்கற கொட்டையை லாரியில ஏத்திட்டு வந்து பாத்தியில போடுவாங்க, கெட்டிக் கன்னு கேக்கறவங்களுக்காகப் புளிச்சான் கொட்டையும் கொஞ்சம் பொறுக்கிட்டு வந்து தனிப் பாத்தியில போடுவாங்க. கொட்டை வெடிச்சு மொளைக்கறப்ப சிலதுல ஒண்ணுக்கு மேல மொளை வரும். அப்ப தொழில்ல ஒரு சட்டம், நல்லாக் கொழுத்ததா ஒண்ணை வுட்டுட்டு மத்ததைக் கிள்ளிப் போட்டுடணும், ஏன்னா ஒரு கொட்டைக்குள்ள இருக்கற பருப்பு ஒரு வயித்துக்குத்தான் பத்தும். இந்தச் சட்டத்தை எங்க ஊர்ல ஆரும் மீறினதில்லை. சென்னம்மா மீறினா.

அந்த வருசம் அவ மனசு செரியில்ல. அவ புருசன் பெங்களூருக்கு சென்ட்ரிங் வேலைக்குப் போனவன், போன இடத்துல ஒரு ஊட்டையும் அதுக்குள்ள ஒரு குடும்பத்தையும் கட்டிட்டான். இவ பொறந்த ஊருக்கே திரும்பி வந்து, நர்சரியில ஒட்டுக் கட்டுற வேலையில சேந்து, அண்ணன் திம்மராயன்கிட்ட அப்பன் சொத்துல தன் பங்கைக் கேட்டா. அவ பங்கு கேட்டதுல ஊருக்கு ஆச்சரியம், அவன் குடுத்ததுல அதை விட ஆச்சரியம், என்ன குடுத்தான்னு கேட்டப்பறம் ஆருக்கும் ஆச்சரியமில்ல. கெணத்துக்காட்டைத் தனக்கு வச்சுக்கிட்டு, மொட்டப்பாறையோட சரிவைத் தங்கச்சிக்கு எழுதி வச்சான். பாகம் பிரிச்ச அன்னிக்கு நாலு பேர் முன்னால, "பொட்டப்புள்ளைக்குப் பாறையே ஜாஸ்தி"ன்னு ஒரு வார்த்தையும் சொன்னான். அதோட அண்ணன் தங்கச்சிக்குப் பேச்சு நின்னு போச்சு.

அந்த நெனப்போட பாத்தியில உக்காந்திருந்தவ கைக்கு, புளிச்சான் கொட்டை ஒண்ணு ஏழெட்டு மொளையோட வந்துச்சு. கிள்ளப் போன வெரலு நின்னுடுச்சு. பொறந்ததுல ஒண்ணுக்கு எல்லாம், மத்ததுக்கு ஒண்ணுமில்லைன்னு ஆரு எழுதி வச்சாங்கன்னு நெனச்சாளோ என்னவோ, ஒவ்வொரு மொளையையும் நூல் மாதிரி இருந்த வேரோட பிரிச்சு, தனித்தனிப் பையில நட்டா. மறுநாள் வந்து பாத்தா அதே கொட்டையில புதுசா ஏழெட்டு. அதையும் பிரிச்சு நட்டா. அதுக்கு மறுநாளும் அப்பிடியே. அந்தக் கொட்டை ஆவணி முழுக்கப் பெத்துச்சு, புரட்டாசியில களைச்சுப் போய் பெத்துச்சு, ஐப்பசி மழையில ஒரு நாள் தானா மக்கி மண்ணாச்சு. எல்லப்பன் வந்து பாத்துட்டு, பாலித்தீன் பை தீந்து போச்சேன்னு மட்டும் கவலைப்பட்டாரு.

கன்னு பென்சில் கனம் வந்ததும் சென்னம்மாவே எல்லாத்துக்கும் ஒட்டுக் கட்டினா. அப்பத்தான் ஒரு நாள், ஹோஸ் பைப்பைப் புடிச்சு மொத வரிசைக்குத் தண்ணி வுட்டுட்டு அடுத்த வரிசைக்குத் திரும்பினவ, தண்ணி காட்டாத கன்னெல்லாம் குளிச்சு எந்திரிச்ச கொழந்தைங்க மாதிரி தளதளன்னு நிக்கறதைப் பாத்தா. மண்ணைத் தொட்டா காஞ்சு கெடந்துச்சு, இலையைத் தொட்டா ஜில்லுன்னு இருந்துச்சு. ஒரே ஒரு கன்னுக்கு ஒரு செம்பு ஊத்திப் பாத்தா, அத்தனையும் ஒரு மடக்குக் குடிச்சுதுங்க. போய் எல்லப்பன்கிட்டச் சொன்னா. அவரு வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு வந்து பாத்துட்டு, "ஒரே கொட்டைல பொறந்ததுங்கதான, அப்பிடித்தான் இருக்கும்"னு சொல்லிட்டு மோட்டாரை அமத்திட்டுப் போயிட்டாரு. ஊரும் அந்த வெளக்கத்தோட நிம்மதியாச்சு. விவசாய ஆபீசர் ஒருத்தரு ஜீப்புல வந்து, இலையை வெளிச்சத்துல புடிச்சுப் பாத்து, மண்ணை ஒரு கவர்ல போட்டுக்கிட்டு, பக்கத்துல நல்ல சாப்பாட்டுக் கடை எதுன்னு விசாரிச்சுட்டுப் போனாரு.

அந்த வருசம் மாரியம்மன் பண்டிகைக்கு எல்லப்பன் ஊட்டுக்கு ஒரு கன்னுன்னு அந்தக் கன்னுங்களையே குடுத்தாரு. வாங்க ஆளில்லாத கோணல் மாணல் கன்னுங்க மிச்சம் நின்னுச்சு, அதையெல்லாம் சென்னம்மா தன் பாறைச் சரிவுக்குத் தலையில சொமந்துட்டுப் போய், கல்லு இடுக்குல கொஞ்சம் கொஞ்சம் மண்ணு ரொப்பி நட்டா. திம்மராயனும் ஊருல ஒருத்தன்தான, அவனுக்கும் ஒரு கன்னு கெடச்சுது. அதை அவன் தன் கெணத்து மேட்டுல, தொட்டித் தண்ணி வழியற எடமாப் பாத்து வச்சான்.

அதுக்கப்பறம் ஊரு அந்த மரங்களோட குடித்தனம் பண்ணக் கத்துக்கிட்டது ஒரு பெரிய கதை. மொதல்ல, எப்பிடியும் அடுத்தவன் ஊத்துவான்னு எல்லாரும் இருந்துட்டாங்க, ஒரு வாரம் ஒருத்தனும் ஊத்தல, ஊரு மரமெல்லாம் ஒரே நாள்ல தலை தொங்கிடுச்சு. அப்பறம் ஏரித்தண்ணிக்கு முறை வைக்கிற மாதிரி தெருவுக்கு ஒரு நாள்னு முறை வச்சோம். முறை தப்பின தெருவுக்குள்ள மத்த தெருப் பொம்பளைங்க வந்து, யாரையும் பேர் சொல்லாம, பொதுவா வானத்தைப் பாத்துத் திட்டுவாங்க. ஷரீப் பாய் தன் பிரியாணிக் கடை மரத்துக்குக் பிரியாணி அண்டா கழுவின தண்ணிய ஊத்தினதுல, கோயில் மரத்து இலையில பட்டை கிராம்பு வாசனை வந்துடுச்சுன்னு பூசாரி வந்து நின்னாரு. பாய் ரொம்ப வருத்தப்பட்டு, அமாவாசை கிருத்திகைக்கு அரிசி கழுவின தண்ணி மட்டுந்தான்னு வாக்குக் குடுத்தாரு, இன்னிக்கு வரைக்கும் நம்ம ஊர்ல அமாவாசை எப்பன்னு பூசாரிக்கு முன்னால பாய்க்குத்தான் தெரியும். பிராந்திக் கடைக்குப் பின்னால நின்ன மரத்தடியில எவனோ மிச்சத்தை ஊத்திட்டான். மறுநாள் ஊரு பூராவும் மரம் கார்த்திகை மாசத்துல பூத்து நின்னுச்சு, தேனீ எல்லாம் கோணலாப் பறந்துச்சு, ஸ்கூல் மரம் மட்டும் அசெம்பிளி நேரத்துல ஆடாம நிக்க ரொம்பப் பாடுபட்டுச்சு.

எல்லாத்துலயும் பெருசு மஞ்சுளா கல்யாணம். முனிவேல் மக மஞ்சுளாவைத் தென்பெண்ணை வாய்க்கால் ஓரத்து ஊர்ல கட்டிக் குடுத்தப்ப, சீரோட ஒரு கன்னும் போச்சு. அவ மாமியார் அதை வாய்க்கால் கரையில வச்சா. அன்னியிலேர்ந்து வாய்க்கால்ல தண்ணி வர்ற காலமெல்லாம் எங்க மரங்களுக்கு நாங்க ஒரு சொம்பு ஊத்தல. கோவத்துல மாமியார் அந்தக் கன்னைப் புடுங்கிடுவாளோன்னு எங்களுக்குப் பயம், அதனால மஞ்சுளா புருசனோட சண்டை போட்டுட்டு பஸ் ஏறினான்னு தெரிஞ்சாப் போதும், அவ ஊருக்குள்ள எறங்கறதுக்குள்ள ஊரே ஸ்டாப்ல நின்னு, கையைப் புடிச்சு, நல்ல வார்த்தை சொல்லி, அதே பஸ்சுல ஏத்தி அனுப்பப் பாக்கும். கடைசியில ஒரு நாள் அவ இடுப்புல கை வச்சுக்கிட்டு, "எனக்காகப் பேசறீங்களா, மாங்காக்காகப் பேசறீங்களா?"ன்னு கேட்டா. அன்னிக்கு பஸ்சு அவ இல்லாமத்தான் போச்சு. அப்பறம் அவ புருசன்தான் வந்து மன்னிப்புக் கேட்டுக் கூட்டிட்டுப் போனான், அவனை நாங்கதான் கெளப்பி வுட்டோம்ங்கறது வேற விசயம்.

இப்பிடி ஊரு சிரிச்சுக்கிட்டு இருந்த நாலு வருசமும் சென்னம்மாவுக்கு ஒரே ஒரு கவலை. மொட்டப்பாறையைக் குடைஞ்சு கல்லு எடுக்க ஒரு குவாரிக்காரர் வெள்ளைக் காருல வந்து போயிட்டு இருந்தாரு. பாறையோட அந்தப் பக்கம் திம்மராயனுது, அவன் குடுக்கத் தயார், அந்தக் காசுல போர் போடணும்னு அவனுக்கு ஆசை. ஆனா லாரி போக வர வழி சென்னம்மா சரிவு வழியாத்தான். அவ கையெழுத்துப் போட்டாத்தான் குவாரி. அவ மாட்டேன்னுட்டா, ஆனா எத்தனை நாளைக்குன்னு அவளுக்கே தெரியாது, எல்லப்பன் நர்சரியில வேலை வருசத்துல பாதி நாள்தான். மரம் நின்னு காய்ச்சா காடு அவளுது, மரம் காஞ்சா காடு குவாரிக்காரருது. இது ஊருக்கே தெரியும். பாறைச் சூட்டுல நாலு வருசம் பொழைச்ச மரம் அஞ்சாவது வருசம் தையில பிராந்தி ஏதுமில்லாம மொத மொதலாத் தானாப் பூவெடுத்துச்சு, கிளை தெரியாம பூத்துச்சு. அவ நர்சரிக்குப் போகாம ஒரு நாள் பூரா அதைப் பாத்துட்டே உக்காந்திருந்தா.

அந்த வருசம் மழை இல்ல. தை பொறந்ததுமே வாய்க்கால் நின்னு போச்சு, மஞ்சுளா மரம் எங்களை மாதிரியே காஞ்சு நின்னுச்சு. எங்க தொட்டியும் குடிக்கறதுக்கே பத்தல, நான் தெருவுக்குக் கால் மணி நேரம் தொறந்து வுட்டு வசவு வாங்கிட்டு இருந்தேன். மரத்துக்கு ஆரும் ஊத்தல. இருந்தும் எல்லா மரமும் பச்சையா நின்னுச்சு, பூ உதுறாம பிஞ்சு புடிச்சுது. ஊரு அதை அதிர்ஷ்டம்னு நெனச்சுச்சு. திம்மராயன் மட்டும் காலையில எந்திரிச்சுக் கெணத்தை எட்டிப் பாத்தான், மறுநாளும் எட்டிப் பாத்தான், படி படியா எறங்கிட்டு இருந்துச்சு தண்ணி. கெணத்து மேட்டு மரத்தோட வேர் கல்கட்டைத் தொளைச்சுக்கிட்டு உள்ள எறங்கி, யானைத் தும்பிக்கை மாதிரி தண்ணிக்குள்ள தொங்கிட்டு இருந்துச்சு. ஊரு மரம் பூராவும் அந்த ஒரு வாய் வழியாக் குடிச்சுட்டு இருந்துச்சு, அதுலயும் பாதிக்கு மேல தங்கச்சி காட்டு மரம். பாறையைக் குடுத்து அனுப்பினவ கெணத்தைக் குடிச்சுட்டு இருக்கான்னு அவனுக்கு அப்பத்தான் ஒறைச்சுது.

கோடாலியை எடுத்துட்டுப் போய் ஒரு போடு போட்டான். நான் அப்ப தொட்டிக்கு எதுத்தாப்பல டீ குடிச்சுட்டு இருந்தேன். டீக்கடை மரத்துல, முழங்கால் உசரத்துல, பட்டை பொளந்து பால் வழிஞ்சுது. பக்கத்து ஊட்டு மரத்துலயும் அதே உசரத்துல. பூசாரி கோயில்லேர்ந்து ஓடி வந்தாரு, பாய் கரண்டியோட ஓடி வந்தாரு, மஞ்சுளா அங்கேர்ந்து போன் பண்ணி, இங்க மரம் அழுவுது, எவன் வெட்டறான்னு கேட்டா. எல்லாரும் கெணத்து மேட்டுக்கு ஓடினோம்.

திம்மராயன் ரெண்டாவது போடுக்கு ஓங்கிட்டு நின்னான். எங்களைப் பாத்ததும் எறக்கினான், ஆனா கீழ வைக்கல. என் கெணறு, என் மரம், எவன் கேக்கறதுன்னான். அதுல ஞாயம் இருந்துச்சு. அப்ப கூட்டம் வெலகிச்சு, சென்னம்மா நர்சரிலேர்ந்து அப்பிடியே வந்திருந்தா, இடுப்புல ஒட்டுக் கத்தி, தோள்ல பாலித்தீன் பட்டை. அண்ணனைப் பாக்கல. நேரா மரத்துக்கிட்டப் போய் மண்டி போட்டு, வெட்டுக்காயத்தைத் தடவிப் பாத்துட்டு, பசுஞ்சாணியும் செம்மண்ணும் கொழைச்சு எடுத்தாரச் சொல்லி, காயத்துல அப்பினா. ஊரு பூராவும் பால் நின்னுச்சு. அப்பறம் எந்திரிச்சு என் பக்கம் திரும்பினா. அண்ணனுக்கும் அவளுக்கும் நடுவுல ஒரு கை தூரம், அந்த ஒரு கை தூரத்துல நான் நின்னேன்.

"மாமா, உகாதி வரைக்கும் வெட்ட வேணாம்னு அவருகிட்டச் சொல்லு. அப்பறம் அவரு மரம், அவரு இஷ்டம்."

நான் திரும்பி, உகாதி வரைக்கும் வெட்ட வேணாமாம்னேன்.

"அதுக்குள்ள கெணறு காலியாயிடும்னு அந்தம்மாகிட்டச் சொல்லு மச்சான்."

நான் இந்தப் பக்கம் திரும்பிச் சொன்னேன். ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான் கேட்டுச்சு, ஆனா நான் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் காதுல வாங்கல.

"காலியாவாது. அதுக்குள்ள என் மரத்துக்கு நான் வேற கால் வச்சுக்கறேன்னு சொல்லு."

வேற கால்னா என்னன்னு திம்மராயன் கேக்கல, ஏன்னா அதையும் என் வழியாத்தான் கேக்கணும். கோடாலியைத் தோள்ல போட்டுக்கிட்டு ஊட்டுக்குப் போயிட்டான். போறப்ப என்கிட்ட மட்டும், "உகாதிக்கு அடுத்த நாள்"னு சொல்லிட்டுப் போனான்.

மறுநாளே சென்னம்மா வேலையை ஆரம்பிச்சா. எல்லப்பன் பாத்தியில புளிச்சான் கொட்டைக் கன்னு வேற இருந்துச்சு, வேற வேற கொட்டையில ஒண்ணு ஒண்ணா மொளைச்சது, ஒண்ணுக்கொண்ணு ஒறவில்லாதது. அதைச் சொமந்துட்டுப் போய், தன்னோட ஒவ்வொரு மரத்துக்கும் பக்கத்துல, பாறை வெடிப்பைத் தேடி ஒண்ணு ஒண்ணா நட்டா. நட்டு, அந்தக் கன்னோட நுனியைச் சீவி, மரத்தோட அடித்தண்டுலயும் அதே அளவுக்குத் தோலைச் சீவி, ரெண்டு பச்சையையும் மொகத்தோட மொகம் வச்சு, பட்டையால இறுக்கிக் கட்டினா. கன்னு ஒட்டிக்கிட்டா மரத்துக்கு ரெண்டாவது காலு. பழைய கால் வத்தினாலும் புதுக் கால்ல நிக்கும். பிஞ்சு புடிச்ச மரத்துல கத்தி வைக்காதன்னு எல்லப்பன் தலையில அடிச்சுக்கிட்டாரு. பெரிய மரத்துல இந்த வெயில்ல ஒட்டுப் புடிக்காதுன்னு ஊரு சொல்லிச்சு. குவாரிக்காரர் காரை நிறுத்தி, கண்ணாடியை எறக்கி, கொஞ்ச நேரம் பாத்துட்டு, சிரிச்சுட்டுப் போனாரு. அவ காலையில ரெண்டு கொடம், சாயங்காலம் ரெண்டு கொடம், எங்க தொட்டித் தண்ணியைத் தலையில தூக்கிட்டுப் பாறை ஏறினா. அந்த நேரத்துக்கு வால்வு கொஞ்சம் இறுகிக்கும், மூட வராது. பழைய வால்வு.

மாசி போச்சு, பங்குனியில பாதி போச்சு. கெணத்துல தண்ணி மொழங்கால் அளவு நின்னுச்சு. உகாதிக்கு ஊரெல்லாம் வேப்பம்பூவும் வெல்லமும் கலந்து வாயில போட்டுக்கிட்டு, கசப்பை முழுங்கறதுக்குள்ள பாறையைப் பாக்கப் போனோம். சென்னம்மா ஒரு மரத்துல பட்டையை அவுத்தா. ஒட்டு புடிச்சிருந்துச்சு, தாய் மடியில புள்ளை தூங்கற மாதிரி ரெண்டு தண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போயிருந்துச்சு. அடுத்த மரத்துலயும் புடிச்சிருந்துச்சு. எல்லாத்துலயும் புடிச்சிருந்துச்சு. பாறைக்கு அடியில எங்கயோ, மண்ணுல பொறந்த எவனுக்கும் தெரியாத ஆழத்துல, ஈரம் இருந்திருக்குது. புளிச்சான் சாதி அதைத் தேடிப் புடிச்சுடுச்சு.

அடுத்த நாள் திம்மராயன் கோடாலி எடுத்துட்டுப் போகல. ஏன்னா அன்னிக்குக் கெணறு தூர் தெரிஞ்சு போச்சு. வேர் காத்துல தொங்கிச்சு. அவன் வாழை சாஞ்சுது, அவன் தக்காளி சுருண்டுச்சு, தொட்டியில மாடு நக்கறதுக்குத் தண்ணியில்ல. ஆனா கெணத்து மேட்டு மரம் மட்டும் பச்சையா நின்னுச்சு, காயெல்லாம் பருத்துக்கிட்டே போச்சு. ஊரு மரம் எல்லாமே அப்பிடித்தான் நின்னுச்சு. நாங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். பாறையிலேர்ந்து எறங்கி வந்துட்டு இருந்துச்சு அந்தத் தண்ணி. நேத்து வரைக்கும் அண்ணன் கெணத்துல தங்கச்சி குடிச்சா, இப்ப தங்கச்சி பாறையில அண்ணன் குடிக்கறான். திம்மராயனுக்கு இது தெரியாதுன்னு சொல்ல முடியாது. அவன் அந்த மரத்து நெழல்ல கட்டிலைப் போட்டுக்கிட்டு, மேல பாக்காம படுத்திருந்தான்.

அந்த வாரந்தான் பாறையில ரம்பச் சத்தம் கேட்டுச்சு.

ஒட்டுத் தொழில் தெரிஞ்ச ஊருக்கு அந்தச் சத்தம் என்னன்னு ஆரும் சொல்ல வேண்டியதில்ல. புது ஒட்டு புடிச்சிடுச்சுன்னா பழசை அறுத்துடணும், அதான் முறை. சென்னம்மா ஒட்டுக்குக் கீழ பழைய காலை, ஊரு மரத்தோட சேத்து வச்சிருந்த அந்த ஒரே கொட்டைக் காலை, அறுத்துட்டு இருந்தா. வேற கால் புடிச்ச மரத்தோட வெட்டு ஊரு மரத்துல வுழல, ஆனா ஒரு மரத்தை அறுத்ததும் ஊரு மரமெல்லாம் கொஞ்சம் இலை உதுத்துச்சு. அடுத்ததை அறுத்ததும் இன்னும் கொஞ்சம். பாய் கடை வாசல்ல கூட்டின எடம் திரும்பவும் இலையாச்சு. பூசாரி சாமிக்கு வச்ச கற்பூரத்தை மரத்துக்கும் ஒரு சுத்து காட்டினாரு. ஆராவது போய்ப் பேசுங்கன்னு எல்லாரும் சொன்னாங்க, என்ன பேசறதுன்னு ஆரும் சொல்லல. பாகம் பிரிச்ச அன்னிக்கு அந்த நாலு பேர்ல நாமும் இருந்தோமேன்னு அவங்கவங்களுக்கு இருந்திருக்கும். கடைசியில வழக்கம்போல என்னை அனுப்பினாங்க.

நான் ஏறிப் போறப்ப எல்லா மரமும் அறுத்து முடிச்சு, கடைசி மரத்துல ரம்பத்தை வச்சுக்கிட்டு நின்னா. அதுதான் இருக்கறதுலயே கோணல் மரம், பாறை ஓரமா, ஊரைப் பாத்து வளைஞ்சு நிக்கும். மூச்சு வாங்கிச்சு, ஒரு கல்லுல உக்காந்தேன். அங்கேர்ந்து பாத்தா கெணத்து மேடு நல்லாத் தெரியும், கட்டிலும் தெரியும், கட்டில்ல ஆளு எந்திரிச்சு உக்காந்திருந்தான். அவ அந்தப் பக்கம் பாத்தா. ரம்பத்தைப் பாத்தா. அப்பறம் ரம்பத்தை எடுத்துத் தொடைச்சுக் கோணியில சுத்தினா.

"கை வலிக்குது மாமா. இது இருக்கட்டும்."

ஒரு பொழுதுல ஐநூறு கன்னு ஒட்டுக் கட்டற கையி. செரின்னு சொல்லிட்டு எறங்கி வந்தேன். ஊருக்கு வந்து, அவளுக்குக் கை வலின்னு சொன்னேன். எல்லாரும் அதை ரொம்ப மரியாதையா நம்பினாங்க, பாய் தைலம் கூடக் குடுத்தனுப்பினாரு.

வைகாசியில ஜூஸ் ஃபேக்டரி லாரி பாறைக்குக் கீழ வரைக்கும் வந்துச்சு. ரெண்டு நாள் ஏத்தினாங்க. குவாரிக்காரர் கார் பின்னால நின்னுச்சு, வழி இல்ல. அவரு எறங்கி வந்து, லாரி நகர்ற வரைக்கும் நெழல்ல நின்னு, ஒரு பழம் சாப்பிட்டு, கையைக் கழுவிட்டு, வேற ஊருக்குப் பாறை பாக்கப் போயிட்டாரு. ஊர்ல எல்லா மரமும் காய்ச்சுது, கெணத்து மேட்டு மரமும் காய்ச்சுது, மஞ்சுளா ஒரு கூடை அனுப்பி வச்சா. அந்தக் கோணல் மரம் மட்டும் காய்க்கல. பிஞ்செல்லாம் கொட்டிடுச்சு. ஊரு மரம் பூராவுக்கும் அந்த ஒண்ணுதான பாறைக்கு அடியிலேர்ந்து எறைச்சு ஊத்துது, அதுக்கு எங்க மிஞ்சும். எலும்பும் தோலுமா நின்னுச்சு. காய்க்காத மரத்தை எதுக்கு வச்சிருக்கீங்க, வெட்டிட்டு வேற வைங்கன்னு லாரிக்காரன் சொன்னான். சென்னம்மா அடுத்த கூடையைத் தூக்கி அவன் கையில வச்சா. ஊட்டுக்கு ஒருத்தர் அப்பிடி இருக்கத்தான் செய்யறாங்க.

ஆனி பொறந்தும் மழை வரல. ஒரு நாள் காலையில நான் தொட்டிக்கு வர்றப்ப, கொழாயடியில பொம்பளைங்களுக்கு நடுவுல திம்மராயன் நின்னுட்டு இருந்தான், கையில ரெண்டு பிளாஸ்டிக் கொடம். கெணத்துக்காரன், ஒரு நாளும் கொழாயடிக்கு வந்தவனில்ல, வரிசையில எங்க நிக்கறதுன்னே தெரியாம நின்னான். ரொப்பிக்கிட்டு டிவிஎஸ்ல மாட்டிக்கிட்டு மேக்கால போனான். நானும் பின்னாலயே போனேன், பைப் எங்கயாவது கசியுதான்னு பாக்கணும்ல. வண்டியைப் பாறைக்குக் கீழ நிறுத்திட்டு, ரெண்டு கொடத்தையும் தூக்கிக்கிட்டு, பாகம் பிரிச்ச நாள்லேர்ந்து கால் வைக்காத அந்தச் சரிவுல, வழுக்கி வழுக்கி ஏறினான்.

"திம்மராயா, அந்த மரத்துக்குப் போகணும்னா உன் ஊட்டு மரத்துல ஊத்தினாலே போயிடுமே, எதுக்கு இவ்வளவு தூரம் தூக்கிட்டு ஏறுற?"ன்னு கேட்டேன்.

அவன் நிக்கல. மூச்சு எறைக்க எறைக்கச் சொன்னான். "மேட்டுல ஊத்தினா சீக்கிரம் எறங்கும் மச்சான்."

அதுவும் ஞாயமாத்தான் பட்டுச்சு.

மேல சென்னம்மா அறுத்த காலுங்களைக் கட்டையாப் பொளந்து அடுக்கிட்டு இருந்தா. அவன் வந்ததைப் பாத்தா, அடுக்கறதை நிறுத்தல. அவன் கோணல் மரத்துக்கிட்டப் போனான். பெரிய வெவசாயிதான், ஆனா வாழைக்கு மடை தொறந்து வுட்டே பழகினவன், கொடத்தை அப்பிடியே தலைக்கு மேல தூக்கி மரத்துல கவுக்கப் போனான். நான் அவனுக்கும் அவளுக்கும் நடுவுல, என் வழக்கமான எடத்துல, எந்தப் பக்கம் திரும்பறதுன்னு தெரியாம நின்னேன். என்னைத் திரும்ப வுடாம, கட்டையைக் கீழ போட்டுட்டு, என்னைத் தாண்டி அவனைப் பாத்து சென்னம்மா சொன்னா:

"ஒட்டு மேல படாம ஊத்துண்ணா."